ஊழியும் ஒரு நாளும்

முன்னுரை

பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் என்று அறிவியல் கூறுகின்றது. அவ்வாறாயின், எண்பது ஆண்டுகள் வாழும் மனிதனின் வாழ்வுக்குப் பொருள்தான் யாது? வகுப்பறையில் மாணவர்கள் பலகாலும் எழுப்பும் வினா இது. இவ்வினா இளையோர் உள்ளத்தில் ஒருவகைச் சோர்வையும் விளைவிக்கின்றது. அச்சோர்வுக்கு இடமுண்டா எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வானம் கூறும் சான்று

அண்டங்கள் நம்மை விட்டு விலகிச் செல்வதை எட்வின் ஹபிள் 1929ஆம் ஆண்டு வெளியிட்டார். விரிந்துகொண்டே செல்லும் ஒன்று முன்னொரு காலத்தில் செறிந்திருத்தல் வேண்டும். அவ்விரிவின் வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டும், விண்வெளியெங்கும் பரவியிருப்பதாக 1965இல் அறியப்பட்ட பழங்கதிர்வீச்சை நுட்பமாக அளந்தும் அறிஞர் இவ்வயதைக் கண்டனர்.

பாரசீக வானியலறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, கி.பி. 964ஆம் ஆண்டளவில் எழுதிய விண்மீன் நூலில், ஆந்திரமேதா அண்டத்தைச் சிறு முகில் போன்ற ஒன்றாகக் குறித்துள்ளார். அவர் வெறுங்கண்ணால் கண்ட அந்த ஒளி, ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் பயணம் செய்து வந்ததாகும்.

மண் கூறும் சான்று

தொன்மையைக் காண வானத்தைத்தான் நோக்க வேண்டும் என்பதில்லை. நம் கேப்பர் மலையின் செந்நிறப் பாறையை நிலவியலார் ‘கடலூர் மணற்கல்’ என நம்மூர்ப் பெயராலேயே வழங்குவர். இப்பாறை வகை விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையிலும் உண்டு. அங்கே ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. மணலுள் புதையுண்ட மரத்தின் நுண்ணறைகளில் நீரில் கரைந்த கனிமம் படிந்து இறுகியமையால், மரம் கல்லாயிற்று.

பேரண்டத்தின் வயதை ஓராண்டு நாட்காட்டியாகச் சுருக்கிக் காட்டும் முறையைக் கார்ல் சேகன் பரப்பினார். அக்கணக்கில், புவி தோன்றியது செப்டம்பர்த் தொடக்கத்தில்; திருவக்கரை மரங்கள் தழைத்தது டிசம்பர் 31 நண்பகலுக்குச் சற்று முன்னர். ஒருவர் எண்பது ஆண்டு வாழினும், அது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே.

தமிழர் நோக்கு

காலத்தின் இப்பெருக்கத்தைப் பழந்தமிழரும் எண்ணிப் பார்த்தனர். பரிபாடலின் இரண்டாம் பாடலில் கீரந்தையார், ஊழிகள் பல கழிய ஐம்பூதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றியதைப் பேசுகின்றார். அந்நெடுங்காலத்தைக் குறிக்க அவர் ஆளும் பேரெண்களுள் ஆம்பல், குவளை, நெய்தல் என்பனவும் அடங்கும். இவை மூன்றும் நீர்ப்பூக்களின் பெயர்கள். சின்னாளில் வாடும் மலரின் பெயராலேயே ஊழியை எண்ணியது எண்ணத்தக்கது. குறுகிய வாழ்வை அவர்கள் அற்பமாகக் கருதியிருப்பின், அதன் பெயரைப் பேரெண்ணுக்கு இட்டு வழங்கியிருப்பரா?

வாழ்வின் பொருள்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வலையை எழுப்பிய நிலத்தட்டுகளின் நகர்வு கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிகழ்வது. அக்கணக்கில் அந்த ஒரு காலை ஒரு பொருட்டன்று. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கோ, அதன்பின் வந்த காலமெல்லாம் அக்காலையிலேயே நின்றுவிட்டது.

அந்நாளில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், உறவையும் உடைமையையும் இழந்து வந்த மீனவக் குடும்பங்களுக்கு உணவும் அடைக்கலமும் தந்தனர். அவர்கள் சமயம் பார்க்கவில்லை. பேரண்டத்தின் முன் இச்செயல் எத்துணைச் சிறிது என்றும் எண்ணிப் பார்க்கவில்லை. பசி அன்றைக்கு உரியது; அன்று அங்கு உயிரோடு இருந்தவரே அதனைத் தீர்க்க இயலும். 1380 கோடி ஆண்டுகளும் சேர்ந்து செய்ய இயலாத ஒன்றை, ஒரு பிடிச் சோறு செய்தது.

முடிவுரை

ஆகவே, காலத்தின் நீளம் வேறு, வாழ்வின் மதிப்பு வேறு எனத் தெளியலாம். பேரண்டத்தின் வயதை அறிதல் செருக்கை ஒடுக்குதற்கு உதவுமேயன்றி, ஊக்கத்தை ஒடுக்குதற்கன்று. மாணவச் செல்வங்கள் ஒருமுறை திருவக்கரைக்குச் சென்று அக்கல்மரங்களைத் தொட்டுப் பார்த்தல் நன்று. திரும்பும் வழியில் தேவனாம்பட்டினக் கரையிலும் சற்று நேரம் நின்று வருதல் வேண்டும். முன்னது நாம் எத்துணைச் சிறியோர் என்பதைக் கற்பிக்கும். பின்னது, அச்சிறியோரை எத்தனை பேர் நம்பியிருக்கின்றனர் என்பதை உணர்த்தும்.