உப்பலவண்ணைத் தேரியார் காட்டும் பாடம்



சிராவஸ்தி நகரையடுத்த அந்தவனத்தில் உப்பலவண்ணைத் தேரியார் தனித்து உறைந்தார். அவர் பிட்சைக்குச் சென்றிருந்த வேளையில் ஒருவன் குடிலுள் புகுந்து ஒளிந்திருந்து, திரும்பி வந்தவரைப் பலாத்காரம் செய்தான். தேரியார் அதனை மறைக்கவில்லை, பிக்குணிகளிடம் உரைத்தார். செய்தி பகவானை எட்டிற்று. உடன்படாதவருக்குக் குற்றமில்லை என்று அவர் தீர்ப்பளித்ததை விநயம் கூறுகிறது.

காரணம் யாது? எண்ணமே கன்மம் என்பது தம்மம். எண்ணியவன் அவன், பழியும் அவனுடையதே. துன்புற்றவளை "முன்வினை" என்று கூறி ஒதுக்குவது தம்மமன்று. தேரியார் சங்கத்திலிருந்து விலக்கப்படவில்லை. இருத்தியாற்றலில் தலையாய பிக்குணி என்னும் சிறப்புக்குரியவர் அவரே. பின்னர்க் கோசல மன்னன் பசேனதி பிக்குணிகட்கு நகருக்குள் உறைவிடம் அமைத்தான் என்று தம்மபத உரை சொல்லும். பழியன்று, பாதுகாப்பே அளிக்கப்பட்டது.

ஆதலின், நம் இல்லத்து மகள் இத்துயரைச் சொன்னால் முதலில் நம்புவோம். "ஏன் தனியே சென்றாய்?" என வினவோம். அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் உடனே இலவசச் சிகிச்சை அளித்தல் சட்டக் கடமை. எந்தக் காவல் நிலையத்திலும் முறையிடலாம். மகளிர் உதவி எண் 181. அச்சமும் உறக்கமின்மையும் நீடித்தால் மனநல மருத்துவரை நாடுவோம். அவள் படிப்பும் தொழிலும் அவள் விருப்பப்படியே தொடரட்டும்.

அவள் நம்மிடம் வேண்டுவது இரக்கம் மட்டுமன்று, தனக்குரிய இடம்.