மருந்தாக ஒரு நாயை வளர்க்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. பெங்களூரில் வேலை பார்த்தவன். வேலை போய் ஊருக்குத் திரும்பியபின் ஒரு வருஷத்துக்கு மேலாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. மனச்சோர்வு என்று சொல்லி மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார், ஒழுங்காகச் சாப்பிடுகிறான். எங்கள் தெருவில் வண்டி மோதிப் பின்னங்கால் போன நாய் ஒன்று உண்டு. கொஞ்ச நாளாக, ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு கீழே இறங்கிப்போய் அதற்குச் சோறு வைக்கிறான். போன வாரம், "அதை வீட்டுக்குக் கூட்டிட்டு வரட்டுமாம்மா?" என்று கேட்டான். அவனாக வாய்திறந்து ஒன்று கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. என் வீட்டுக்காரரோ, தெருநாய் வேண்டாம், நல்ல லேப்ரடார் குட்டியாக வாங்கித் தருகிறேன் என்கிறார். நாய் வளர்த்தால் அவனுக்குச் சரியாகிவிடுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அம்மா, உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நாய் வளர்ப்பதால் மட்டும் மனச்சோர்வு தீர்ந்துவிடாது. மாத்திரையும் மருத்துவரும் அப்படியே தொடர வேண்டும். ஆனால் மகன் கேட்டதற்குச் சரி என்று சொல்லுங்கள். லேப்ரடார் குட்டி வேண்டாம். அவன் கேட்ட அந்த நாயே வரட்டும்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு வருஷமாக உங்கள் வீட்டில் எல்லாரும் அவனுக்குக் கொடுக்கிறீர்கள். சோறு, மாத்திரை, புத்திமதி, கவலை எல்லாமே அவனை நோக்கித்தான் போகின்றன. வாங்கிக்கொண்டே இருப்பவனுக்குத் தன்னால் யாருக்கும் பிரயோசனமில்லை என்ற எண்ணம்தான் ஊறும். மனச்சோர்வின் மிகக் கொடிய பகுதி அந்த எண்ணம். தெருவில் அந்த நாய்க்கு முன்னால் மட்டும் உங்கள் மகன் கொடுக்கிறவனாக இருக்கிறான். அந்த நாய் அவனிடம் "அடுத்து என்ன பண்ணப் போறே?" என்று கேட்பதுமில்லை. கடையில் வாங்கிய குட்டி, அவனுக்காக நீங்கள் செலவழித்த இன்னொரு பொருளாகப் போய்விடக்கூடும். இந்த நாயை அவனே கண்டெடுத்திருக்கிறான்.

கொடுக்கிற இடத்தில் நிற்கவைத்தால் மனிதர் மீள்வார் என்று நம்பி ஒரு பெரிய முயற்சியே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிக் ஹார்பர் என்ற ஊரின் பெண்கள் சிறைக்கு 1981-இல் நாய்கள் வந்தன. காப்பகங்களில் கைவிடப்பட்டுக் கிடந்த நாய்கள். கைதிகள் அவற்றைப் பழக்கி, உடல் ஊனமுற்றவர்களுக்கு உதவும் நாய்களாக ஆக்கி வெளியே அனுப்பினார்கள். இதற்குக் காரணமாக இருந்தவர் பவுலின் க்வின் என்ற கன்னியாஸ்திரி. இளம் வயதில் விடுதிகளிலும் தெருவிலும் சீரழிந்தவர் அவர். தன்னை மீட்டது ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு நாய்தான் என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர். ஊரே ஒதுக்கிய பெண்ணின் கையில் ஊர் ஒதுக்கிய நாயைக் கொடுத்து, "இதை ஆளாக்கு" என்று ஒப்படைக்கும் துணிச்சல் அவருக்கு இருந்தது. பிறகு உலகத்தின் பல சிறைகளில் இந்த முறை பரவியது. என் மனதில் அந்தச் சிறைக்கு எப்போதும் தனி இடம் உண்டு. அங்கே யாரும் யாருக்கும் இரக்கம் காட்டவில்லை, பொறுப்பைக் கொடுத்தார்கள்.

உடலுக்குள் நடப்பதும் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்: நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்திருக்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் இடையே சுரக்கும் ஆக்ஸிடோசின் இருவருக்குமே கூடுகிறது. இன்னொரு பக்கமும் உண்டு, அதை நாய்ப் பிரியர்கள் அதிகம் பேசுவதில்லை. மனிதனின் வியர்வையிலும் மூச்சிலும் இருக்கும் மன அழுத்தத்தை நாய் மோப்பத்திலேயே பிரித்தறியும் என்று 2022-இல் பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த வாடை பட்டால் நாயின் நடத்தையிலும் தயக்கம் கூடுகிறது என்று 2024-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் கண்டார்கள். அதாவது நம் துக்கம் அதற்கும் பாரம்தான். அதனால் அந்த நாய்க்கு வீட்டில் யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மூலை வேண்டும். போதும் என்று அது எழுந்து போனால் விட்டுவிட வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. கால்நடை மருத்துவரிடம் மகனே கூட்டிப்போகட்டும், நீங்கள் துணைக்குப் போங்கள். காலைப் பார்க்கச் சொல்லுங்கள். ரேபிஸ் ஊசி, பார்வோ, டிஸ்டெம்பர் ஊசி, குடற்புழு மருந்து, கருத்தடை எல்லாம் அவர் சொல்லும் வரிசையில் நடக்கட்டும். தெருவில் வளர்ந்த நாய் முதல் சில நாள் கட்டிலுக்கடியில் பதுங்கும், சாப்பிடாது, கையைக் கொண்டுபோனால் உறுமும். வாரக் கணக்கில், சில நாய்களுக்கு மாதக் கணக்கில் ஆகும். அவசரப்பட்டுத் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வளர்ப்பு நாய்தானே என்று விடக் கூடாது.

காலையில் நாயை வெளியே கூட்டிப்போக யாராவது எழுந்தாக வேண்டும். மனம் தெளிந்த பிறகு எழலாம் என்று காத்திருப்பவனுக்கு மனம் தெளிவதே இல்லை. எழுந்து நாலு தெரு நடந்த பிறகுதான் கொஞ்சம் தெளிகிறது. மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சையிலும் நாங்கள் இப்படிச் சின்னச் சின்ன அன்றாடக் காரியங்களைத்தான் முதலில் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறோம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அவனால் எழ முடியாத நாட்களும் வரும். அன்றைக்கு நீங்களோ உங்கள் கணவரோ சங்கிலியை எடுத்துக்கொண்டு பேசாமல் இறங்கிவிடுங்கள். "நாயை மட்டும் கூட்டிட்டு வந்தே, அதைக்கூடப் பாத்துக்க முடியலையா?" என்ற ஒரு சொல் போதும், அவனுக்குக் கிடைத்த ஒரே இடமும் போய்விடும். சாவதைப் பற்றி அவன் பேசினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: என் தம்பி ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். தூக்கத்தில் அலறி எழுகிறான். பட்டாசுச் சத்தம் கேட்டால் நடுங்குகிறான். அமெரிக்காவில் இதற்குக் குதிரைகளை வைத்து வைத்தியம் செய்கிறார்களாமே? மெரினாவுக்குக் கூட்டிப்போய்க் குதிரைச் சவாரி செய்யவைத்தால் பலன் இருக்குமா?
– வாசகி, வேலூர்

பதில்: செய்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 'மேன் ஓ வார்' திட்டத்தில், பி.டி.எஸ்.டி எனப்படும் அதிர்ச்சிப் பின்விளைவால் அவதிப்பட்ட 63 முன்னாள் படைவீரர்கள் வாரம் ஒரு முறை, 90 நிமிஷம் வீதம், எட்டு வாரம் குதிரைகளோடு இருந்தார்கள். பலருக்கும் தொல்லைகள் குறைந்தன என்று 2021-இல் முடிவு வெளியானது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. அதனால் இதை நல்ல நம்பிக்கை என்று சொல்லலாம், நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

அவர்கள் யாரும் சவாரி செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். தரையில் நின்று குதிரையைத் தேய்த்துவிட்டார்கள், கயிற்றைப் பிடித்து நடத்தினார்கள். கூடவே மனநல நிபுணரும் குதிரைகளை அறிந்தவரும் இருந்தார்கள். குதிரை வேட்டையாடப்பட்ட இனம். அதன் காதும் கண்ணும் எந்நேரமும் ஆபத்தைத் தேடும். சின்னச் சத்தத்துக்கும் துள்ளும். உங்கள் தம்பியின் உடம்பும் இன்று அப்படித்தான் இருக்கிறது. தோளை இறுக்கிக்கொண்டு வேகமாகப் போனால் குதிரை விலகும். மூச்சை நிதானமாக விட்டு, பக்கவாட்டில் மெதுவாகப் போனால் நிற்கும். தன் உடம்பைத் தானே அடக்க முடியும் என்று அவருக்கு அங்கே அந்தக் கணமே தெரிந்துவிடுகிறது.

இதில் மீட்கப்பட்ட குதிரைகளுக்குத் தனிப் பொருத்தம் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் வால்கில் சிறையில் 1984 முதல், பந்தயத்தில் ஓடி முடித்து ஒதுக்கப்பட்ட குதிரைகளைக் கைதிகள் பராமரிக்கிறார்கள். சொன்ன பேச்சுக்கு ஓடியே உடம்பு தேய்ந்த உயிர்களை, அதே மாதிரி தேய்ந்த ஒருவர் புரிந்துகொள்ள அதிக விளக்கம் தேவைப்படுவதில்லை.

மெரினா சவாரி இதற்கு உதவாது. கூட்டம், இரைச்சல், வெயிலில் களைத்த குதிரை – மூன்றுமே தம்பிக்கு ஆகாது, அந்தக் குதிரைக்கும் ஆகாது. 'குதிரை சிகிச்சை' என்று யாராவது விளம்பரம் செய்தால், முதலில் குதிரைகளைப் பாருங்கள். முதுகில் புண், எண்ணக்கூடிய விலா எலும்பு, வளர்ந்து வெடித்த குளம்பு, நிழலும் தண்ணீரும் இல்லாத லாயம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பிறகு, பயிற்சி பெற்ற மனநல நிபுணர் யார் என்று கேளுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், முன்னாள் ராணுவத்தினருக்கான ஈ.சி.ஹெச்.எஸ் பாலிகிளினிக் வேலூரிலேயே இருக்கிறது. அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். இந்த அலறலுக்கும் நடுக்கத்துக்கும் நன்றாகச் சோதிக்கப்பட்ட சிகிச்சைகள் இருக்கின்றன, நல்ல பலனும் தருகின்றன. குதிரை அதற்குத் துணையாக வரலாம். தம்பிக்கு மிருகங்கள் என்றால் பிடிக்குமா, பயமா என்று நீங்கள் எழுதவில்லை. அதை அவரிடமே கேட்டுவிடுங்கள்.