நாற்பது வெற்றியும் ஒரு தோல்வியும்



இந்த மாதப் பாடம் ஒரு டி.வி. போட்டியைப் பற்றியது. "கடன், தவணை, கணக்கு நோட்டுன்னு எழுதுற இடத்துல டி.வி. கதை எதுக்கு?" என்று நீங்கள் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இதிலும் கணக்கு இருக்கிறது. பத்துப் பேர் முன்னால் வாயைத் திறந்து பேசத் தயங்குகிற நமக்கு வேண்டிய செய்தியும் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் குழுக் கூட்டத்தில் மற்றவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

போட்டி எப்படி நடக்கும்?

அமெரிக்காவில் 'ஜெப்பர்டி' என்று ஒரு பொது அறிவுப் போட்டி இருக்கிறது. 1964-இல் தொடங்கியது. இடையில் நின்று, 1984-இலிருந்து வாரத்தில் ஐந்து நாள் ஒளிபரப்பாகிறது. நாம் பார்த்த 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' போல ஒருவர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அல்ல. இங்கே மூன்று பேர் நின்றுகொண்டு போட்டி போடுவார்கள். நான்கு விடையும் தரமாட்டார்கள். நண்பருக்குப் போன் போடவும் முடியாது.

இன்னொரு வேடிக்கை உண்டு. நடத்துபவர் குறிப்பைச் சொல்வார். போட்டியாளர் அதற்குரிய கேள்வியைச் சொல்ல வேண்டும். உதாரணமாக, "இந்தியாவின் முதல் பெண் பிரதமர்" என்று குறிப்பு வந்தால், "இந்திரா காந்தி என்பவர் யார்?" என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அந்தக் குறிப்புக்குரிய பணம் சேரும். தவறாகச் சொன்னால் அதே பணம் கழியும். கடைசியில் ஒரே ஒரு குறிப்பு வரும். அதற்கு மூவரும் தங்களிடம் உள்ளதில் எவ்வளவு பந்தயம் வைப்பது என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். முப்பது விநாடியில் விடையையும் எழுத வேண்டும்.

ஜெயித்தவர் அடுத்த ஆட்டத்துக்கு வருவார். அவரை எதிர்க்கப் புதிதாக இரண்டு பேர் வருவார்கள். முன்பெல்லாம் ஐந்து ஆட்டம் ஜெயித்தால் அனுப்பிவிடுவார்கள். 2003-இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடமே, 2004-இல், கென் ஜென்னிங்ஸ் என்பவர் தொடர்ந்து 74 ஆட்டம் ஜெயித்தார். அந்தச் சாதனையை இன்னும் யாரும் தாண்டவில்லை.

யார் இந்த ஏமி?

நாம் பேசப்போவது அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் ஏமி ஷ்னைடர் பற்றி. ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரில் வளர்ந்தவர். எட்டாம் வகுப்பிலேயே கூடப் படித்தவர்கள், "இந்தப் போட்டிக்குப் போகக்கூடிய ஆள் நீதான்" என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்களாம். ஆனால் போட்டியில் இடம் கிடைக்கப் பத்து வருடத்துக்கும் மேல் திரும்பத் திரும்ப முயற்சி செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் இடம் கிடைத்தபோது அவருக்கு வயது 42. கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட் நகரில் கம்ப்யூட்டர் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஒரு திருநங்கை. அதை அவர் மறைக்கவில்லை. அதை மட்டுமே பேசிக்கொண்டும் இருக்கவில்லை. ஒரு நாள் நிகழ்ச்சியில் திருநங்கையர் கொடியின் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார். மற்ற நாளெல்லாம் போட்டியை ஆடினார், ஜெயித்தார். கேலி பேசியவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் தினமும் சாயங்காலம் குடும்பத்தோடு டி.வி. முன் உட்கார்ந்த லட்சக்கணக்கான பேர் அவரை ஒரு அறிவாளியாகப் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

2021 நவம்பர் 17 அன்று அவருடைய முதல் வெற்றி ஒளிபரப்பானது. 2022 ஜனவரி 7 அன்று பத்து லட்சம் டாலரைத் தாண்டினார். இந்தப் போட்டியில் அந்தத் தொகையைத் தொட்ட முதல் பெண் அவர்தான். மொத்தம் 40 ஆட்டம் ஜெயித்து, 13,82,800 டாலர் சம்பாதித்தார். அன்றைய மதிப்பில் அது பத்துக் கோடி ரூபாய்க்கும் மேல்.

பாடம் 1: தெரிந்திருந்தால் போதாது, பட்டனை அழுத்த வேண்டும்

மூன்று பேர் கையிலும் ஒரு பட்டன் இருக்கும். நடத்துபவர் குறிப்பை முழுசாகப் படித்து முடித்த பிறகுதான் அதை அழுத்த வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே அழுத்தினால் கால் விநாடி பட்டன் வேலை செய்யாது. அந்தக் கால் விநாடியில் அடுத்தவர் முந்திவிடுவார். தாமதமாக அழுத்தினாலும் அதே கதைதான். பெரும்பாலான குறிப்புகளுக்கு மூவருக்குமே விடை தெரிந்திருக்கும். சரியான நேரத்தில் அழுத்தியவருக்குத்தான் பணம்.

நம் கூட்டத்தில் என்ன நடக்கிறது? கூட்டமைப்புக் கூட்டத்தில், "இந்தத் தவணைக் கணக்கில் சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறோம். கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "வட்டி ரெண்டு தடவை பிடிச்சிருக்காங்க, எனக்கு அப்பவே தெரியும்" என்கிறோம். தெரிந்து என்ன பயன், அக்கா? தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டாச்சே! பேசுகிறவர் முடிக்கும்வரை கேளுங்கள். முடித்தவுடனே கேட்டுவிடுங்கள்.

பாடம் 2: படிக்க வெட்கப்பட வேண்டாம்

இதே போட்டியில் 2019-இல் தொடர்ந்து 32 ஆட்டம் ஜெயித்தவர் ஜேம்ஸ் ஹோல்ஷவர். அவர் எப்படித் தயாரானார் தெரியுமா? நூலகத்துக்குப் போய்க் குழந்தைகள் புத்தகங்களை எடுத்துப் படித்தார். பெரிய புத்தகத்தில் நூறு பக்கத்தில் இருப்பதைக் குழந்தைகள் புத்தகம் படம் போட்டு நாலு வரியில் சொல்லிவிடுகிறது. கோடிக்கணக்கில் ஜெயித்த ஒருவருக்கே குழந்தைகள் புத்தகம் உதவியது என்றால், நம் வீட்டுப் பிள்ளையின் கணக்குப் புத்தகத்தை எடுத்துச் சதவீதம் கற்றுக்கொள்ள நமக்கு என்ன வெட்கம்?

பாடம் 3: பந்தயத்துக்கும் கணக்கு உண்டு

இந்தப் பகுதியைக் கணக்காளர்கள் கவனமாகப் படிக்கவும். கடைசிக் குறிப்பில் ஒருவர் தன்னிடம் உள்ள மொத்தத்தையும் பந்தயம் வைத்தால், சரியாகச் சொன்னதும் அது இரட்டிப்பாகும். அதற்கு மேல் ஏறாது. அப்படியென்றால், இரண்டாவது இடத்தில் இருப்பவரைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் உங்களிடம் இருந்தால், அளவாகப் பந்தயம் வைக்கும்வரை உங்களைத் தோற்கடிக்க முடியாது. ஏமி பல ஆட்டங்களில் கடைசிக் குறிப்பு வருவதற்கு முன்பே இந்த நிலைக்கு வந்துவிடுவார். அதாவது, கடைசி நேர அதிர்ஷ்டத்தை நம்பவில்லை. முன்கூட்டியே சேர்த்து வைத்தார்.

ஹோல்ஷவர் வேறு மாதிரி. ஆட்டத்தின் நடுவிலேயே கையில் உள்ள எல்லாவற்றையும் பந்தயம் வைப்பார். பார்க்க வீரமாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அங்கே ஒவ்வொரு ஆட்டமும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். நேற்று ஜெயித்த பணம் பத்திரமாக இருக்கும். இன்று தோற்றால் இன்றைய பணம்தான் போகும். பந்தயம் வைப்பது கடன் வாங்கிய பணமும் அல்ல.

நம் கையில் இருப்பது அப்படிப்பட்ட பணமா? குழுக் கடனை எடுத்துச் சீட்டில் போடுவதும், "இரட்டிப்பாகும்" என்று யாரோ சொன்ன கம்பெனியில் கட்டுவதும் நேற்றைய பணத்தையும் நாளைய தவணையையும் சேர்த்துப் பந்தயம் வைப்பது. அதில் போவது ஒருவர் பணம் அல்ல, பன்னிரண்டு பேர், பதினைந்து பேர் சேமிப்பு. தாங்கக்கூடிய நஷ்டம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். லாபத்தைப் பிறகு பார்க்கலாம்.

பாடம் 4: எல்லாம் தெரிந்தவர் யாரும் இல்லை

2022 ஜனவரி 26. ஏமியின் 41-ஆவது ஆட்டம். அன்று நடத்தியவர் 74 ஆட்டம் ஜெயித்த அதே கென் ஜென்னிங்ஸ். ஏமியிடம் 27,600 டாலர். சிகாகோவைச் சேர்ந்த நூலகர் ரோன் டால்ஸ்மாவிடம் 17,600 டாலர். இரண்டு மடங்கு இல்லை. டால்ஸ்மா முழுவதையும் பந்தயம் வைத்தால் 35,200 ஆகும். ஏமி 8,000 வைத்தார். சரியாகச் சொன்னால் 35,600. கணக்கு சரிதான்.

குறிப்பு இதுதான்: ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஹெச்' என்ற எழுத்தில் முடியும் ஒரே நாடு, உலகில் மக்கள்தொகை மிகுந்த முதல் பத்து நாடுகளில் ஒன்று.

முப்பது விநாடி ஓடியது. ஏமியால் விடை எழுத முடியவில்லை. டால்ஸ்மா எழுதினார்: பங்களாதேஷ். அவர் வைத்த பந்தயம் 12,000. மொத்தம் 29,600 ஆனது. ஏமிக்கு 19,600.

ஏமி பந்தயமே வைக்காமல் இருந்திருந்தாலும் 27,600-தான், தோற்றிருப்பார். கணக்கில் தவறு இல்லை. ஒரு பெயர் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

எந்த நாட்டின் பெயர் என்று பார்த்தீர்களா? சிறுகடன் என்று பேச்செடுத்தாலே நம் பயிற்சிகளில் வரும் பெயர். 1976-இல் முகமது யூனுஸ் அங்கே ஜோப்ரா கிராமத்தில் ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுக்கத் தொடங்கினார். அதுதான் 1983-இல் கிராமீன் வங்கியானது. 2006-இல் அவருக்கும் வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. நாற்பது நாள் ஆயிரக்கணக்கான குறிப்புகளைப் பார்த்தவருக்கு அன்று வராத பெயர், நம்மில் பலருக்குப் பழகிய பெயர். இதை ஏமியைக் குறைத்துச் சொல்லவில்லை. "எனக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்கி உட்காரும் நம் உறுப்பினருக்காகச் சொல்கிறோம். உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று கட்டாயம் இருக்கிறது. அது தேவைப்படும் நாளில் நீங்கள் வாயைத் திறக்க வேண்டும்.

பாடம் 5: தோற்றவர் திரும்பி வரலாம்

அன்றோடு கதை முடியவில்லை. அதே 2022 நவம்பரில் வெற்றியாளர்களுக்கு மட்டும் ஒரு போட்டி நடந்தது. ஏமி வந்தார், ஜெயித்தார். பரிசு 2,50,000 டாலர். ஒரு தடவை தவணை தவறிய உறுப்பினரை, ஒரு தொழிலில் நஷ்டப்பட்ட உறுப்பினரை, "இவளுக்கு இனிமே கடன் கிடையாது" என்று ஒரேயடியாக ஒதுக்குகிற குழுக்கள் இதை யோசிக்க வேண்டும். ஏன் தவறியது என்று முதலில் கேளுங்கள். கணக்குத் தவறா, காலம் தவறா என்று பிரித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மாநிலத்தில் திருநங்கையர்க்கான நல வாரியம் 2008-இல் ஏற்பட்டது. ஆனாலும் நம் ஊரில் ஒரு திருநங்கை குழுவில் சேர வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சேமிக்கும் மனசும் தவணை கட்டும் நேர்மையும்தான் நம் குழுவுக்கு வேண்டிய தகுதி. வேறு எதையும் நாம் கேட்கத் தேவையில்லை.

குழுக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. சென்ற கூட்டத்தில் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி எது? ஒவ்வொருவரும் ஒன்று சொல்லுங்கள்.

2. உங்களிடம் 20,000 ரூபாய், அடுத்தவரிடம் 9,000 ரூபாய். கடைசிக் குறிப்பில் அதிகபட்சம் எவ்வளவு பந்தயம் வைத்தால், தவறாகச் சொன்னாலும் முதலிடம் போகாது? (விடை: அடுத்தவர் அதிகம் போனால் 18,000. ஆகவே 2,000-க்கும் குறைவாக.)

3. நம் குழுவில் தவணை தவறியதால் விலகிப் போனவர் யாராவது உண்டா? அவர் வீட்டுக்கு யார் போய்ப் பேசுவது? பெயரைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

உங்கள் குழுவில் என்ன பேசினீர்கள் என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.