குறைத்த எடை திரும்பாமல் இருக்க தினமும் எடை பார்க்க வேண்டுமா?

கேள்வி: ஒன்றரை ஆண்டு கஷ்டப்பட்டு 82 கிலோவிலிருந்து 68 கிலோவுக்கு வந்திருக்கிறேன். சிங்கப்பூரில் ஷிப்ட் வேலை. தினமும் எடை பார்க்கிறேன். ஒரு நாள் 67.6 காட்டுகிறது, மறுநாள் 69.1. அன்றைக்கெல்லாம் மனசு விட்டுப்போகிறது. ‘அதான் குறைஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு அதுமேல ஏறி நிக்கிற?’ என்கிறார் மாமியார். நிறுத்திவிடலாமா?
வாசகி, மாசாய்

பதில்: நிறுத்த வேண்டாம். மாற்ற வேண்டியது அந்த எண்ணைப் படிக்கும் விதத்தைத்தான்.

67.6 மறுநாளே 69.1 ஆனதற்குக் கொழுப்பு காரணமாக இருக்க முடியாது. உடலில் ஒரு கிலோ கொழுப்பு கூடுவதற்கு, செலவழித்ததற்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். ஒரு ரொட்டி சானாய்க்குச் சுமார் 300 கலோரி என்று வைத்தால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் ஏறக்குறைய 26 ரொட்டி சாப்பிட்டாக வேண்டும். ஒன்றரை கிலோ என்றால் 38. ஒரே நாளில் யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை. ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர். முந்தைய இரவு சாப்பிட்ட மீ கோரெங்கில் இருக்கும் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். சோறும் மாவுப் பண்டங்களும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படும்போது ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்தே தங்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களிலும், மலச்சிக்கல் இருக்கும்போதும் எண் மேலே நிற்கும். நல்ல ஆரோக்கியம் உள்ளவருக்கும் ஒன்று, ஒன்றரை கிலோ இப்படி ஏறி இறங்குவது சாதாரணம்.

இந்த ஏற்ற இறக்கத்தை முதலில் முறையாகக் குறித்து வைத்தவர் இத்தாலிய மருத்துவர் சான்டோரியோ. தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து தன் எடையையும், உண்டதையும் குடித்ததையும், உடலிலிருந்து வெளியேறியதையும் பல ஆண்டுகள் எடை போட்டுப் பார்த்தார். 1614-இல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். உள்ளே போனதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாமல் மூச்சாலும் தோலாலும் வெளியேறிவிடுகிறது என்பது அவர் கண்டறிந்தது. தூங்கி எழுந்ததும் எடை குறைந்து காட்டுவது இதனால்தான்.

அப்படியானால், நம்ப முடியாத எண்ணை ஏன் தினமும் பார்க்க வேண்டும்? மாமியாரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் குறைந்த எடை அப்படியே நிற்காது என்பதுதான் இங்கே சிக்கல். மெல்பர்னில் 10 வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அப்போதும் கூடியே இருந்தது. போதும் என்று சொல்லும் லெப்டின் குறைந்தே இருந்தது. 2011-இல் வெளியான முடிவு இது. எடையைக் குறைத்த உடல் பழைய எடையைத் திரும்பத் தேடுகிறது. மறுபடி எடை போட்டவரை மனக்கட்டுப்பாடு இல்லாதவர் என்று வீட்டில் குறை சொல்வது எவ்வளவு அநியாயம் என்பதற்கு இந்த ஒரு ஆய்வே போதும். இப்போது பலர் கேட்டு வாங்கும் செமாகுளுடைட் ஊசியிலும் இதே கதைதான். அந்த ஊசியால் குறைந்த எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, நிறுத்திய ஓராண்டுக்குள் திரும்பிவிட்டதாக அதன் முக்கிய ஆய்வு ஒன்றின் தொடர்ச்சி காட்டியது.

திரும்பும் எடை சத்தமில்லாமல் திரும்புகிறது. மாதம் அரைக் கிலோ ஏறினால் சட்டைக்கோ சேலைக்கோ தெரியாது. ஓராண்டில் ஆறு கிலோ. இதை முதல் மாதமே காட்டிக்கொடுக்க வீட்டில் எடைக்கருவியைவிட நல்லது இல்லை.

அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இருவர் 1994-இல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். 13.6 கிலோவாவது குறைத்து, ஓராண்டாவது அதைக் காத்தவர்கள் மட்டுமே அதில் சேரலாம். அவர்களில் நான்கில் மூன்று பேர் வாரத்துக்கு ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள். ஆனால், எடை பார்த்ததால் காத்தார்களா, காத்தவர்கள் என்பதால் பார்த்தார்களா என்று பதிவேட்டை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் விங் குழுவினர் நேரடிச் சோதனையில் இறங்கினார்கள். சராசரியாக 19 கிலோ குறைத்திருந்த 314 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் செய்தி மடல் மட்டும். மற்ற இரண்டு பிரிவினருக்குத் தினமும் எடை பார்க்கக் கற்றுக்கொடுத்து, ஏறினால் என்ன செய்வது என்பதையும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வகுத்துக் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு இணையம் வழியாக, இன்னொன்றுக்கு நேரில். 18 மாதம் கழித்து, 2.3 கிலோவோ அதற்கு மேலோ திரும்ப ஏறியவர்கள் மடல் பிரிவில் 72.4 விழுக்காடு, இணையப் பிரிவில் 54.8, நேரில் கற்றவர்களில் 45.7. 2006-இல் வெளியான இந்த முடிவுதான் இன்றைக்கும் மிகத் தெளிவான சான்று.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எடை பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டால் மட்டும் பெரிய பலன் இல்லை என்று பிற ஆய்வுகள் சொல்கின்றன. பலன் தருவது, எந்த எண்ணில் என்ன செய்வது என்று முன்கூட்டியே எடுத்து வைத்த முடிவு. மாசாய் வாசகியிடம் கருவி இருக்கிறது, அக்கறை இருக்கிறது. இல்லாதது அந்த முடிவு. அதனால்தான் 69.1 அவருக்கு வெறும் வருத்தமாக முடிந்துபோகிறது.

விங் குழுவின் கணக்கை அவருக்குப் பொருத்தினால், 68-லிருந்து 1.4 கிலோ மேலே, அதாவது 69.4 வரை பச்சை. அவரைக் கலங்கவைத்த 69.1-உம் பச்சைக்குள்தான் இருக்கிறது. 69.4-ஐத் தாண்டினால் மஞ்சள். 70.3-ஐத் தொட்டால் சிவப்பு. ஒரு நாள் எண்ணை வைத்து நிறம் மாற்ற வேண்டாம். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்து வரும் சராசரியைத்தான் ஒப்பிட வேண்டும். மஞ்சள் வந்தால் இரண்டு வாரத்துக்குச் சாப்பிட்டதையெல்லாம் எழுதி வைக்கலாம். தே தாரிக்கை விட்டுத் தே ஓ கோசோங் குடிக்கலாம். சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ அளவுக்குத் தட்டைத் திருப்பலாம், அதாவது கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, அரைத் தட்டு காய்கறியும் பழமும். சிவப்பு வந்தால் முதலில் எடை குறைத்தபோது பின்பற்றிய முறைக்கே அன்றே திரும்பிவிட வேண்டும். தேவைப்பட்டால் கிளினிக் கெசிஹாத்தானில் உணவியல் நிபுணரைப் பார்க்கக் கேட்கலாம்.

ஷிப்ட் வேலை செய்பவருக்கு ‘தினமும் காலையில்’ என்ற விதி பொருந்தாது. நீண்ட தூக்கம் முடிந்து எழுந்து, கழிவறை போய்வந்து, எதையும் குடிக்குமுன் ஏறி நிற்பதுதான் அவருக்குக் காலை. ஒரே கருவி, ஓடு பதித்த சமதரை, மெல்லிய உடை. பசாரிலும் மருந்துக் கடையிலும் இருக்கும் கருவியோடு வீட்டுக் கருவியை ஒப்பிட வேண்டாம். தினமும் பார்ப்பது மனசை அலைக்கழித்தால் வாரம் ஒருமுறை போதும். ஓய்வு நாள்களில் எடை கூடி, வேலை நாள்களில் இறங்குவது பலருக்கும் வழக்கம். ஜொகூரில் 2025 ஜனவரி 1 முதல் வார விடுமுறை மறுபடி சனி, ஞாயிறுக்கு வந்துவிட்டதால், திங்களைத் தவிர்த்துப் புதனையோ வியாழனையோ வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்றால், நம்மவர்களுக்கு இது உருவத்தைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை. மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வில் அதிக எடையோ உடல் பருமனோ உள்ள பெரியவர்கள் 2019-இல் 50.1 விழுக்காடு, 2023-இல் 54.4. அந்த 2019 ஆய்விலேயே நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றால், இந்தியர்களில் மட்டும் 31.4. அதே சமயம் கருவியில் எண் இறங்காவிட்டால் எல்லாம் வீண் என்றும் நினைக்க வேண்டாம். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, உணவையும் நடையையும் சீர்படுத்தியவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் 28.5 விழுக்காடு குறைந்ததை 2006-இல் காட்டியது. அவர்களுக்குச் சராசரி எடை குறையவே இல்லை. அதனால் மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவையும் பார்ப்பது நல்லது. ஆசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் எல்லை.

கேள்வி: தீபாவளி வந்தால் பயமாக இருக்கிறது. திறந்த இல்ல உபசரிப்பு, முறுக்கு, அதிரசம், பிரியாணி என்று ஒரு மாதம் ஓடும். அதுவரை எடைக்கருவியை எடுத்து உள்ளே வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.
வாசகர், குளுவாங்

பதில்: அந்த மாதம்தான் கருவி கட்டாயம் வெளியே இருக்க வேண்டும். பிரிட்டனின் பர்மிங்காமில் 272 பேரை வைத்து, கிறிஸ்துமஸ் காலத்தில் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினரை வாரத்துக்கு இருமுறையாவது எடை பார்த்துக் குறித்துவைக்கச் சொல்லி, பண்டிகைப் பண்டங்களைக் கரைக்க எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்ற பட்டியலையும் கொடுத்தார்கள். அவர்கள் சராசரியாக 0.13 கிலோ குறைந்தார்கள், மற்றவர்கள் 0.37 கிலோ கூடினார்கள். சின்ன எண் போலத் தெரியும். பண்டிகையில் ஏறுவதை இறக்காமலே விட்டால் பத்துத் தீபாவளியில் மூன்றரை கிலோவுக்கு மேல் ஆகிவிடும். குளுவாங்கில் இருப்பவருக்குக் குனோங் லம்பாக் மலைப்பாதை பக்கத்திலேயே இருக்கிறது. பண்டிகை மாதத்திலும் ஞாயிறு காலை நடையை விடாமல், வாரம் இருமுறை எடை பார்த்து எழுதிவந்தால், உறவினர் வீட்டில் அதிரசத்தை நிம்மதியாகச் சாப்பிடலாம்.

வீட்டில் இதயச் செயலிழப்புக்கு மருந்து சாப்பிடும் பெரியவர் இருந்தால், பண்டிகையானாலும் அவர் தினமும் எடை பார்த்தே ஆக வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் அது உடலில் நீர் கோத்துக்கொள்வதன் அறிகுறி. உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கேள்வி: என் 15 வயது மகள் ஒரு நாளில் நான்கைந்து தடவை எடை பார்க்கிறாள். பசியாறாமலே பள்ளிக்குப் போகிறாள். நல்ல பழக்கம் என்று விட்டுவிடலாமா?
தாய், மூவார்

பதில்: விடக்கூடாது. மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் பெரியவர்களைப் பற்றியவை; வளரும் பிள்ளைக்கு அவை பொருந்தாது. பருவ வயதில் உயரமும் எடையும் ஏறத்தான் வேண்டும். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் பதின்ம வயதினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், எடை பார்ப்பது கூடக்கூடப் பெண்பிள்ளைகளின் தன்மதிப்பும் தன் உடல் மீதான திருப்தியும் குறைந்தது தெரியவந்தது. கருவியை இன்றே அவள் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றிவிடலாம். திட்டாமல், ‘குண்டு’ என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்காமல், காலையில் கூட உட்கார்ந்து பசியாற வேண்டும். சாப்பிட்டதும் வாந்தி எடுப்பது, மாதவிடாய் தள்ளிப்போவது, மயக்கம், எல்லாரோடும் சாப்பிட மறுப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது உணவுக் கோளாறாக இருக்கலாம். பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் இந்த வாரமே பேசுங்கள். மகளை மருத்துவரிடம் அழைத்துப் போவதை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.