மீண்டும் பயன்படும் மின்பாடங்கள்

ஓர் ஆசிரியர் ஆக்கிய பாடம் பிறர்க்கும் உதவ வேண்டுமாயின், அதனை இணையத்தில் ஏற்றிவிடுதல் மட்டும் போதாது. உரிமக் குறிப்பு இல்லாத பாடத்தின் உரிமைகள், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரியவரிடமே நிற்கின்றன. வகுப்பறைப் பயனுக்குச் சட்டம் சில விலக்குகள் அளிப்பினும், திருத்திய வடிவத்தைப் பொதுவில் வெளியிட அனுமதி வேண்டும்.

2013-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமத்தின் வாயிலாகத் தொடங்கப்பெற்ற திறந்தநிலைக் கல்வி வளக் களஞ்சியம், இதன்பொருட்டே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை மேற்கொண்டது. அதன்படி, ஆக்கியோர் பெயரைச் சுட்டி எவரும் பாடத்தை மாற்றலாம், மொழிபெயர்க்கலாம். புதிய வடிவத்தையும் அதே உரிமத்தில் வெளியிடுதல் வேண்டும். ஆனால் ‘மாற்றம் கூடாது’ என்னும் வகை உரிமமும் உண்டு. அவ்வகைப் பாடத்தின் மொழிபெயர்ப்பைத் தனி அனுமதியின்றி வெளியிட இயலாது. மொழிபெயர்க்க அமருமுன் பார்க்க வேண்டுவது இதுவே.

அனுமதி இருந்தும் பயன்படாத பாடங்கள் பல. நீர்ச் சுழற்சியை விளக்கும் படமொன்றில் இந்திச் சொற்கள் படத்தோடு ஒன்றிப் பதிந்திருப்பின், தமிழ்ச் சொற்களை இடுவதற்கு அதனைப் பெரும்பாலும் புதிதாகவே வரைய நேரும். எழுத்தும் கோடும் தனித்தனியே நிற்கும் எஸ்.வி.ஜி. போன்ற மூலக் கோப்புக் கிடைப்பின், சொற்களை மாற்றினாலே போதும். ஆதலின் பி.டி.எஃப். வடிவத்துடன் மூலக் கோப்பையும் சேர்த்தளித்தல் இன்றியமையாதது. ஒலிப்பதிவாயின் அதன் உரையையும் எழுத்தில் தருதல் நன்று.

கோப்பின் பெயரில் வகுப்பு, மொழி, பாடப்பொருள் ஆகியன இடம்பெறல் வேண்டும். ‘பாடம் 3’ என்று தேடி நீர்ச் சுழற்சியைக் கண்டெடுப்பார் எவருமிலர்.