சோகை தீராவிட்டால்

இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்காக எடுத்தும் குருதிச்சோகை தீராதவர்கள் உண்டு. காரணங்கள் பல; அவற்றுள் ஒன்று சீலியாக் நோய். கோதுமை, பார்லியிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தை எதிர்க்கும் உடல், தன் சிறுகுடற் சடைமுளைகளையே சிதைத்துவிடும். உண்ட சத்து உடலிற் சேராது. 1944–45 பஞ்சத்திற் பாண் அற்றபோது இந்நோயுள்ள பிள்ளைகள் தேறியதைக் கண்டார், நெதர்லாந்துக் குழந்தை வைத்தியர் டிக்.

இது பிள்ளைகளின் நோய் மட்டுமன்று. வளர்ந்தோரில் வயிற்றோட்டம் இல்லாமலும் வரலாம்: சோகை, களைப்பு, வாய்ப்புண், எலும்புத் தேய்வு, கடிக்கும் கொப்புளம்.

சந்தேகமெனில் நாமாகப் பாணை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமற் போகலாம். முதலில் வைத்தியரிடம் செல்வோம்.

நோய் உறுதியானால் கோதுமை மாவை வாழ்நாள் முழுதும் விலக்கவேண்டும். அதற்காக ஊர்காவற்றுறையில் நாம் பட்டினி கிடக்கவேண்டியதில்லை: அரிசிமாப் புட்டு, குரக்கன் கஞ்சி, ஒடியற்கூழ் யாவும் உகந்தவை. புட்டில் ஒரு பிடி கோதுமை மா கலந்தாலும் ஆகாது.