ஒலியை முந்திய ஊர்தி

மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தினின்று அடையாற்றுப் பாலத்தை அடைய நகரப் பேருந்துக்குக் கால்மணி நேரமேனும் வேண்டும். அத்தொலைவைப் பத்து நொடிக்குள் கடக்கவல்ல பயணியர் வானூர்தி ஒன்று 1976 முதல் 2003 வரை இயங்கியது. பிரிட்டனும் பிரான்சும் கூடி உருவாக்கிய அதன் பெயர் கான்கார்டு. ஏறத்தாழ நூறு பேரைத் தாங்கி, ஒலியினும் இருமடங்கு விரைந்து, இலண்டனிலிருந்து நியூயார்க்கு நகரை மூன்றரை மணி நேரத்தில் அடைந்தது. இத்துணை ஆற்றல் வாய்ந்த ஊர்தி மறைந்தது ஏன்?

மயிலைக் குளத்தில் தெப்பம் மெல்ல நகருங்கால், அது எழுப்பும் அலைகள் அதனை முந்திச் சென்று படிகளைத் தழுவும். தெப்பம் அலையினும் விரைந்து செல்லுமாயின், அலைகள் விலக நேரமின்றி ஒன்றன்மேல் ஒன்றாகத் திரண்டு கரையை மோதும். ஒலியை முந்தும் ஊர்தியைச் சூழ்ந்த காற்றும் இவ்வாறே திரளும். அத்திரட்சி நிலத்தைத் தொடுங்கால் இடியொத்த ஓசை எழும். ஒலியைக் கடக்கும் அந்த ஒரு கணத்தில் மட்டுமே அவ்வோசை தோன்றும் எனப் பலர் கருதுவர். அது பிழை. ஊர்தி அவ்விரைவில் செல்லும் வழி நெடுகிலும், கீழுள்ள ஊர்தோறும் அவ்விடி விழும்.

ஆதலின் மக்கள் வாழும் நிலத்தின்மீது அவ்விரைவில் பறக்கப் பல நாடுகள் உடன்படவில்லை. அமெரிக்க அரசு 1973இல் தடை விதித்தது. இந்தியாவின் நிலையும் அதுவே. ஏர் இந்தியா நிறுவனம் இரண்டு கான்கார்டுகளை வாங்கும் உரிமையை முன்னர்ப் பெற்றிருந்து, பின்னர்க் கைவிட்டது. இலண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு 1977 டிசம்பரில் தொடங்கிய போக்குவரத்து, மலேசிய அரசின் ஓசை முறையீட்டால் மூன்று முறை சென்று மீண்டதும் நின்றது. 1979இல் மீண்டும் தொடங்கிற்று. எனினும் இந்திய வான்வெளியில் ஒலியை முந்தும் உரிமை கிட்டாமையால், ஊதியமின்றி 1980இல் முடிந்தது. விரைவு இருந்தது, விரையும் வழி இல்லை. எஞ்சியது அட்லாண்டிக் பெருங்கடலே.

அக்கடல்வழி ஒன்றை நம்பி எத்தனை ஊர்திகள் பிழைக்கும்? விமான நிறுவனங்களுக்குப் பயன்பட்டவை பதினான்கே. மணிக்கு இருபது டன்னுக்கு மேற்பட்ட எரிபொருளை உண்ணும் அவற்றிற்கு, 1973இல் ஏறிய எண்ணெய் விலை பேரிடராயிற்று. பயணச்சீட்டோ செல்வர்க்கே எட்டுவதாயிற்று. 2000 ஜூலை 25 அன்று பாரிசுக்கு அருகே ஒன்று வீழ்ந்து, தரையிலிருந்த நால்வர் உட்பட 113 பேர் மாண்டனர். மறு ஆண்டு நவம்பரில் பயணம் தொடர்ந்தும், பயணியர் குறைந்தனர். பேணும் செலவு பெருகிற்று. 2003 அக்டோபர் 24 அன்று இறுதிப் பயணியர் இலண்டனில் இறங்கினர்.

ஒருபுறம் சிங்கப்பூர் நிறுவனத்தின் வண்ணத்தையும் மறுபுறம் பிரிட்டிஷ் நிறுவனத்தின் வண்ணத்தையும் தாங்கிச் சிங்கப்பூர் வழியில் பறந்த அவ்வூர்தி, நியூயார்க்கில் அட்சன் ஆற்றங்கரை அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டுள்ளது.